யாரும் போகாத துறைமுகம்

கனடாவில் வாழும் பள்ளித் தோழர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஓராண்டு ஆகிறது. பெற்றோரின் திருமண நாளுக்குப் பரிசாகப் பிள்ளைகள் ஒரு கப்பற் பயணத்துக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்கள். மியாமியிலிருந்து புறப்பட்டு பஹாமாஸ், ஜமேக்கா என்று சுற்றிவரும் வழக்கமான கரீபியன் பயணத்தை அவரும் மனைவியும் ஏற்கனவே இரண்டு தடவை முடித்துவிட்டார்கள்.

“எல்லாரும் போற இடம் வேண்டாம் மச்சான். ஆரும் போகாத இடமாப் பார்த்துச் சொல்லு. பேப்பர்க்காரன், உனக்குத் தெரியாததே?” என்று கேட்டார்.

பத்திரிகையில் வேலை செய்பவனுக்கு உலகத்துச் சமாசாரம் முழுவதும் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை நம்மவர் மத்தியில் இன்னமும் இருக்கிறது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க மனம் வராமல் இரண்டு நாள் தவணை கேட்டேன். அந்த இரண்டு நாட்களில் வாசித்தவையும் யோசித்தவையும் அவருக்குச் சொல்லவேண்டிய பதிலை விடப் பெரிதாகிவிட்டன. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

தோழரின் சலிப்பு நியாயமானதே. 2024இல் சேவைக்கு வந்த ‘ஐகன் ஒவ் த சீஸ்’ என்ற கப்பல் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றக்கூடியது. பணியாளர்கள் வேறாக இரண்டாயிரத்துக்கும் அதிகம். அது மிதக்கும் நகரம். அத்தகைய கப்பலில் பயணிப்பவர்களுக்குக் கப்பலே போய்ச்சேரும் இடம். துறைமுகங்கள் இடையில் வரும் தரிப்பிடங்கள் மாத்திரமே. எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் அதே நகைக்கடை, அதே மதுச்சாலை, அதே தொப்பிக் கடை. இரண்டு தடவை போனவருக்கு மூன்றாவது தடவை அலுத்துப்போவதில் வியப்பில்லை. எனவே ‘வித்தியாசமான இடம்’ என்று கேட்போருக்காக இன்னொரு வியாபாரம் வளர்ந்திருக்கிறது. சிறிய கப்பல்கள், எட்டாத கரைகள், எட்டாத விலைகள்.

அந்தப் பட்டியலில் முதலிடம் அந்தாட்டிக்காவுக்கு. 1966இல் லார்ஸ் எரிக் லின்ட்பிளாட் என்பவர் சுற்றுலாப் பயணிகளை அங்கே அழைத்துச் சென்றதோடு இந்த வகைப் பயணம் உருப்பெற்றது எனலாம். ஆர்ஜன்டீனாவின் தென்கோடியில் உள்ள உசுவாயாவிலிருந்து கப்பல் புறப்படும். டிரேக் நீரிணையைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாட்கள். உலகின் மிகக் கொந்தளிப்பான கடல்களில் அதுவும் ஒன்று. அதைத் தாண்டினால் பனிப்பாறைகளும் பென்குயின்களும் திமிங்கிலங்களும். போர்ட் லொக்ரோய் என்ற இடத்தில் 1944இல் பிரித்தானியர் அமைத்த தளம் இன்று அருங்காட்சியகமாகவும் தபாலகமாகவும் இருக்கிறது. பென்குயின்கள் சூழ்ந்த அந்தத் தபாலகத்திலிருந்து ஊருக்கு ஓர் அஞ்சலட்டை போடலாம்.

அந்தாட்டிக்காவில் என்னைக் கவர்ந்தது பனி அல்ல, ஒழுங்கு. 1991இல் பயண நிறுவனங்கள் தாமாகவே ஒரு சங்கத்தை அமைத்தன. ஓரிடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் கரையில் நிற்கக்கூடாது. ஐந்நூறுக்கு மேற்பட்ட பயணிகளைக் கொண்ட கப்பல் எவரையும் கரையில் இறக்கக்கூடாது. இறங்கும் முன் சப்பாத்துகளைக் கழுவித் துடைக்கவேண்டும். பென்குயினிடமிருந்து ஐந்து மீற்றர் தள்ளி நிற்கவேண்டும். 2011 ஓகஸ்டிலிருந்து கனரக எண்ணெயில் ஓடும் கப்பல்களுக்கு அந்தக் கடலில் இடமில்லை. வாக்காளர் ஒருவர்கூட இல்லாத ஒரு கண்டத்துக்கு இவ்வளவு பாதுகாப்பு! இருந்தும் 2023 - 24 பருவத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கு சென்றிருக்கிறார்கள். ‘யாரும் போகாத இடம்’ என்ற சொல்லின் ஆயுள் எவ்வளவு குறுகியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

ஆபத்தும் இல்லாமலில்லை. லின்ட்பிளாட்டுக்காகக் கட்டப்பட்டு, பின்னர் வேறு கைகளுக்கு மாறிய ‘எக்ஸ்புளோரர்’ கப்பல் 2007 நவம்பர் 23ஆம் திகதி பனியில் மோதி மூழ்கியது. கப்பலில் இருந்த 154 பேரும் உயிர்க்காப்புப் படகுகளில் மணிக்கணக்காக மிதந்து, அவ்வழியே வந்த நோர்வேக் கப்பலொன்றால் காப்பாற்றப்பட்டனர். எவரும் உயிரிழக்கவில்லை. கடல் அன்று அமைதியாக இருந்தது அவர்களின் அதிர்ஷ்டம்.

வடதுருவத்துக்கு அண்மையில் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டம் இருக்கிறது. நோர்வேயின் இறைமைக்கு உட்பட்டது. தலைமை ஊரான லொங்யியர்பியனில் ஏறத்தாழ 2,500 பேர் வாழ்கிறார்கள். நிலக்கரிச் சுரங்கத்தால் உருவான ஊர் அது. நோர்வேயின் கடைசிச் சுரங்கம் 2025இல் அங்கு மூடப்பட்டது. இனி அந்த ஊருக்குச் சுற்றுலா முன்னரிலும் முக்கியம். அப்படியிருந்தும், 2025 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்குள் 200 பயணிகளுக்கு மேல் ஏற்றிய கப்பல் நுழைய முடியாது. அந்தப் பகுதிகளில் 43 இடங்களில் மாத்திரமே இறங்கலாம். பனிக்கரடியிடமிருந்து குறைந்தது 300 மீற்றரும், மார்ச் முதல் ஜூன் முடியும் வரை 500 மீற்றரும் விலகி நிற்கவேண்டும். வருமானம் தேவைப்படும் வேளையிலும் ‘இவ்வளவு போதும்’ என்று சொல்லும் துணிவு அங்கே இருந்திருக்கிறது.

அத்திலாந்திக்கின் நடுவே சென் ஹெலினா. நெப்போலியனை 1815இல் கொண்டுபோய் அடைத்த தீவு. அவன் 1821இல் அங்கேயே இறந்தான். இலங்கையருக்கும் அத்தீவுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளைப் பிரித்தானியர் அனுப்பிய இடங்களில் சென் ஹெலினாவும் ஒன்று, நமது தியத்தலாவையும் ஒன்று. 2017 ஒக்டோபரில் விமான சேவை தொடங்கும்வரை அத்தீவுக்கு வெளியுலகத் தொடர்பு ஒரேயொரு தபாற் கப்பல்தான். இப்போதும் உல்லாசக் கப்பல்கள் ஜேம்ஸ்டவுனுக்கு வெளியே நங்கூரமிட்டு, சிறு படகுகளில்தான் ஆட்களை இறக்குகின்றன. அலை எழும்பினால் இறக்கமில்லை. கப்பல் திரும்பிவிடும்.

அதற்கும் தெற்கே திறிஸ்டன் ட கூனா. 240 பேர் அளவில் வாழும் தீவு. விமான நிலையம் இல்லை. கேப்டவுனிலிருந்து கடல்வழியாக ஏறத்தாழ ஒரு வாரம். 1961இல் எரிமலை வெடித்தபோது முழுத் தீவையும் இங்கிலாந்துக்கு ஏற்றிச் சென்றார்கள். மின்சாரமும் மோட்டார் வாகனமும் தொலைக்காட்சியும் உள்ள வாழ்க்கையைப் பார்த்துவிட்டு, 1963இல் அவர்களில் மிகப் பெரும்பாலானோர் மீண்டும் தீவுக்கே திரும்பிவிட்டார்கள். இடம்பெயர்வு என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு அதற்கு விளக்கம் தேவையில்லை.

பசுபிக்கில் பிற்கெயன். ‘பவுண்டி’ கப்பலில் கிளர்ச்சி செய்த மாலுமிகளும் அவர்களோடு வந்த தஹித்தி மக்களும் 1790இல் ஒளிந்துகொண்ட தீவு. இன்று அங்கு ஐம்பது பேர்கூட இல்லை. பெரிய கப்பல் அணைய இடமில்லை. கப்பல் வந்தால் தீவாரே நீண்ட படகுகளில் ஏறிக் கப்பலுக்கு வந்து, மரச் சிற்பங்களையும் தேனையும் விற்றுவிட்டு இறங்கிப் போகிறார்கள். ஒரு கப்பலின் உணவு மண்டபத்தில் ஒரு நாட்டின் பெரும்பகுதி நிற்கும் காட்சியை வேறெங்கும் காணமுடியாது.

இவற்றையெல்லாம் வாசித்தபோது ஒன்று தெளிவாயிற்று. ஓரிடத்தை வித்தியாசமானதாக ஆக்குவது தூரமல்ல. கப்பலுக்கும் கரைக்கும் உள்ள விகிதம். ஐம்பது பேர் வாழும் தீவுக்கு நூறு பேர் வந்தால் அது விருந்து. மூவாயிரம் பேர் வந்தால் அது வேறு. அலாஸ்காவின் தலைநகர் ஜூனோவில் ஏறத்தாழ 32,000 பேர் வாழ்கிறார்கள். 2023இல் அங்கு கப்பலில் வந்தவர்கள் 16 லட்சத்துக்கும் மேல். பின்னர்தான் நகரசபையும் கப்பல் நிறுவனங்களும் பேசி, நாளொன்றுக்கு ஐந்து பெரிய கப்பல்களே வரலாம் என்று 2024 பருவத்திலிருந்து நடைமுறைப்படுத்தினார்கள். வெனிஸ் நகரின் கால்வாயினூடாகப் பெருங்கப்பல்கள் செல்வதை இத்தாலி 2021 ஓகஸ்டில் தடைசெய்தது. அதற்குமுன் எத்தனை ஆண்டுக் கூக்குரல்! கப்பல்கள் வந்து பழகிய பின்னர் எல்லை போடுவது கடினம். கடைகள் திறக்கப்பட்டு, கடன்கள் வாங்கப்பட்டு, வயிறுகள் அதை நம்பிவிடும். எல்லை என்பது முதலாவது கப்பல் வருமுன் போடவேண்டியது.

விகிதத்தை விட முக்கியமான இன்னொரு விடயமும் உண்டு. கப்பல் யாருக்காகப் போகிறது என்பது அது. தஹித்தியின் பாப்பீட்டேயிலிருந்து மார்க்கேசஸ் தீவுகளுக்கு ‘அரனுய்’ என்றொரு கப்பல் போகிறது. பாதி சரக்குக் கப்பல், பாதி பயணிகள் கப்பல். முன்பக்கத்தில் பாரந்தூக்கிகள், பின்பக்கத்தில் பயணிகளின் அறைகள். அரிசியும் சீமெந்தும் எரிபொருளும் கொண்டுபோய் இறக்கி, கொப்பறாவும் பழங்களும் ஏற்றிவரும். பயணிகள் சரக்கு இறக்கும் நேரத்தில் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். ஹிவா ஓவா தீவில் ஓவியர் கோகானின் கல்லறை இருக்கிறது. நோர்வேயின் கரையோரத்தில் 1893இலிருந்து ஓடும் ஹுர்டிக்ருட்டன் சேவையும் அத்தகையதே. பேர்கனிலிருந்து கிர்க்கனஸ் வரை 34 துறைமுகங்கள். வெளிநாட்டுப் பயணி மேல்தளத்தில் நின்று வடதுருவ ஒளியைப் பார்த்துக்கொண்டிருக்க, கீழே அடுத்த ஊருக்குப் போகும் ஆசிரியை ஒருத்தி ஏறியிருப்பாள், யாரோ ஒருவருக்கு வரவேண்டிய பொதியும் ஏறியிருக்கும்.

இந்த இரண்டு கப்பல்களும் சுற்றுலாப் பயணி ஒருவர்கூட வராவிட்டாலும் ஏதோவொரு வடிவில் போகவேண்டிய கப்பல்கள். கரைக்கு அவை தேவை. அந்தத் தேவையில் நாமும் ஓர் ஓரமாக ஏறிக்கொள்கிறோம். வித்தியாசமான பயணம் என்று எதையாவது சொல்லலாமென்றால் அதைத்தான் சொல்வேன். நம்மை மகிழ்விப்பதற்காகவே ஓடும் கப்பலில் நாம் வாடிக்கையாளர். தன் வேலையாக ஓடும் கப்பலில் நாம் விருந்தாளி.

இந்த இடத்தில் எனது எழுத்து வடக்கே திரும்பாமல் இருக்கமுடியாது. ஏனென்றால், கப்பல் நிறுவனங்களின் ‘வித்தியாசமான’ துறைமுகங்களின் பட்டியலில் 2023இல் காங்கேசன்துறையும் சேர்ந்துகொண்டது. அவ்வாண்டு ஜூன் மாதம் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என மூன்று துறைமுகங்களுக்கு வந்தது. 1990இல் கட்டப்பட்ட கப்பல் அது. தற்செயலாக அமைந்த அந்த ஆண்டைப் பார்த்தபோது ஒரு கணம் நின்றுவிட்டேன். அந்தக் கப்பல் முதன்முதலாகச் சேவைக்கு வந்த அதே 1990இல்தான் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று வெளியேறினார்கள்.

மாவிட்டபுரம் கோயிலுக்கான காங்கேயன் விக்கிரகம் வந்து இறங்கியதால் துறைக்கு இப்பெயர் வந்தது என்பது ஐதீகம். பின்னாளில் சீமெந்துத் தொழிற்சாலையும் புகையிரத நிலையமும் வெளிச்சவீடும் அதன் அடையாளங்களாயின. 1990க்குப் பின் தொழிற்சாலை மூடப்பட்டது, ரயில் நின்றது, ஊர் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. ரயில் மீண்டும் காங்கேசன்துறைக்கு வந்தது 2015 ஜனவரியில். பக்கத்து மயிலிட்டி மீன்பிடித் துறைமுகம் விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். 27 ஆண்டுகள். வலிகாமம் வடக்கின் காணிகள் முழுமையாக விடுவிக்கப்பட்டுவிட்டன என்று இன்றும் சொல்லமுடியாது.

அந்தாட்டிக்காவில் கரை வெறுமையாக இருப்பது இயற்கை. காங்கேசன்துறைக் கரை வெறுமையாக இருந்தது அப்படியல்ல. கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்கும் பயணிக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ‘சனநெரிசல் இல்லாத, கைபடாத கடற்கரை’ என்று விளம்பரக்காரர் எழுதிவிடலாம். அந்தக் கரையில் கைகள் பட்டிருந்தன. வலை இழுத்த கைகள், கிணறு வெட்டிய கைகள், வேலி அடைத்த கைகள். அந்த வெறுமையை அழகென்று விற்பதில்தான் எனக்கு ஆட்சேபணை.

கப்பல் வருவதை நான் எதிர்க்கவில்லை. பல தசாப்தங்கள் மூடிக்கிடந்த துறைமுகத்துக்குள் பயணிகள் கப்பல் ஒன்று நுழைவது நல்ல செய்தி. கப்பலே தெரியாத மக்களுமல்லர் நாம். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது வரலாறு. எனது கேள்வியெல்லாம் கணக்குப் பற்றியது. காலையில் இறங்கி, பஸ்ஸில் ஏறி, நல்லூரையும் யாழ்ப்பாண நூலகத்தையும் பார்த்துவிட்டு, பிற்பகலில் மீண்டும் ஏறும் பயணி மதிய உணவைக் கப்பலிலேயே முடித்துவிடுவார், இரவுப் படுக்கையும் கப்பலிலேயே. கரையில் அவர் விட்டுச் செல்வது என்ன? ஓர் இளநீரின் விலையா? பனங்கட்டிக் குட்டான் ஒன்றின் விலையா? பஸ்ஸின் வாடகை யாருடைய பைக்குப் போகிறது? வழிகாட்டியாக வருபவர் இந்த மண்ணைச் சேர்ந்தவரா? துறைமுகத்துக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையின் கதையை அவர் சொல்வாரா, சொல்ல விடுவார்களா?

இவற்றையெல்லாம் கப்பல் பழகுவதற்கு முன்னரே பேசித் தீர்க்கவேண்டும். ஜூனோவும் வெனிஸும் தாமதித்துக் கற்றதை நாம் தாமதித்துக் கற்கவேண்டிய அவசியமில்லை. எத்தனை பேர், எத்தனை கப்பல், கழிவுகள் எங்கே, கட்டணத்தில் உள்ளூராட்சிக்கு எவ்வளவு என்பன கடினமான கேள்விகளல்ல. கேட்பதற்கு ஆள் வேண்டும். வெறும் ஸ்வால்பார்ட்டுக்காரர்களால் முடிந்தது நம்மால் முடியாதா? துறைமுகத்தை மேம்படுத்த இந்தியா 2024இல் 61.5 மில்லியன் டொலர் வழங்க முன்வந்தது. ஆழமாக்கப்படும் துறைமுகத்துக்குள் பெரிய கப்பல் வரத்தான் செய்யும். அப்போது கரை தயாராக இருக்கவேண்டும். கரை என்று நான் சொல்வது கொங்கிறீற் தளத்தை அல்ல. அங்கே வாழவேண்டிய மக்களை.

அதே துறைமுகத்துக்கு இன்னொரு கப்பலும் வருகிறது. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்திலிருந்து ‘செரியாபாணி’ என்ற சிறு பயணிகள் கப்பல் வந்தது. சில நாட்களிலேயே பருவமழையால் சேவை நின்றது. 2024 ஓகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலுடன் மீண்டும் தொடங்கியது. மறுபடி நின்று, 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கியது. நீச்சல் தடாகம் இல்லை, நடன மண்டபம் இல்லை. கடற்கொந்தளிப்பு வந்தால் சேவை இல்லை. உறவினரைப் பார்க்கப் போகிறவர், கோயிலுக்குப் போகிறவர், புடைவை வாங்கப் போகிறவர் என்று அதில் ஏறுபவர்களுக்கு ஒவ்வொரு காரணம் இருக்கிறது. ஏறத்தாழ நான்கு மணி நேரக் கடல். நமது அரனுய், நமது ஹுர்டிக்ருட்டன் அதுதான். உலகத்தின் சிறந்த கப்பற் பயணங்கள் பற்றிய எந்தப் பட்டியலிலும் அது வரப்போவதில்லை. ஆனால் அந்தக் கப்பல் நின்றால் கரையில் நிற்பவர்களுக்கு வலிக்கும். உல்லாசக் கப்பல் வராவிட்டால் நிறுவனத்துக்கு மாத்திரமே வலிக்கும்.

இரண்டு நாள் தவணை முடிந்து தோழரை அழைத்தேன். அந்தாட்டிக்காவைச் சொன்னேன், விலையைக் கேட்டுச் சிரித்தார். ஹுர்டிக்ருட்டனைச் சொன்னேன், குளிரைப் பற்றி மனைவி என்ன சொல்வாரோ என்றார். அரனுய் அவருக்குப் பிடித்துக்கொண்டது, குறித்துக்கொண்டார். கடைசியாக, நாகபட்டினத்தில் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கலாம் என்றேன்.

மறுமுனையில் சிறிது நேரம் சத்தமில்லை. அவர் பிறந்த வீடு அந்தத் துறைமுகத்துக்குப் பின்னால், நடந்துபோகும் தூரத்தில் இருந்தது. 1990 ஜூனில் வெளியேறிய பின்னர் அவர் அந்த ஒழுங்கைக்குள் கால் வைக்கவில்லை.

“ஆரும் போகாத இடம் எண்டு கேட்டனான்தான்,” என்றார் மெதுவாக. “ஆனா அங்க போனா இறங்கிப் பார்க்க என்ன இருக்கு மச்சான்?”

எனக்குத் தெரிந்தவரை, ஒரு கிணற்றுக்கட்டு இருக்கிறது. அதை அவரிடம் சொன்னேன். பயணச்சீட்டு எவ்வளவு என்று கேட்டார்.